45 வயதில் என்ன இளமைக் கோபம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இத்தாலியப் பத்திரிகையாளர் ரொஸ்ஸானா ரொஸ்ஸாண்டா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘இளமைக் கோபத்தில் கட்சியைவிட்டு விலகிய இவர், பின்னர் ஒரு பத்திரிகையிலும் பணியாற்றினார்’ என்று ஒரு வரி. ஒரே வரியில் இத்தனை தப்புப் பண்ணவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

அவர் பிறந்தது 1924. இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி அவரை நீக்கியது 1969 நவம்பரில். கூட்டிக் கழிக்க உங்களுக்குத் தெரியாதா என்ன? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை மிலானில் இருந்தபோது ‘மிராந்தா’ என்ற பெயரில் தலைமறைவு வேலை பார்த்தவர். கட்சித் தலைவர் தொலியாட்டியே அழைத்துக் கட்சியின் பண்பாட்டுப் பிரிவைக் கையில் கொடுத்தார். 1963இல் நாடாளுமன்ற உறுப்பினர். உங்கள் கணக்கில் இதெல்லாம் விடலைப் பருவம் போலிருக்கிறது.

அவர் விலகவும் இல்லை. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகுக்குள் நுழைந்ததை இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியே கண்டித்தது. அடுத்த ஆண்டே அது அடக்கி வாசிக்கத் தொடங்கியபோது, இவரும் லூயிஜி பின்டோர், லூச்சோ மாக்ரி முதலானோரும் நடத்திய ‘இல் மனிஃபெஸ்டோ’ மாத இதழ், பிராக் தனித்து விடப்பட்டிருக்கிறது என்று எழுதியது. கட்சியின் மத்தியக் குழு கூடி இவரையும் பின்டோரையும் வெளியே அனுப்பியது. வெளியே தள்ளியவர்களை விட்டுவிட்டு, தள்ளப்பட்டவருக்குக் கோபக்காரப் பட்டம் கொடுப்பது நம் ஊர் வழக்கம்தான், புரிகிறது.

‘ஒரு பத்திரிகை’ என்கிறீர்களே, அது அவரும் சேர்ந்து தொடங்கிய பத்திரிகை ஐயா. 1971 ஏப்ரல் 28 முதல் நாளிதழாக வந்தது. நாலே பக்கம், விலை 50 லிரா. ஆசிரியர் முதல் கடைநிலை ஊழியர் வரை எல்லோருக்கும் ஒரே சம்பளம். உங்கள் கட்டுரையில் இது மட்டும் எப்படியோ விட்டுப்போயிருக்கிறது! நான் ஒரு தமிழ் நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். தீபாவளி முன்பணம் கேட்டு அச்சுக்கோப்பவர்கள் கணக்குப்பிள்ளை மேசை முன்னால் கைகட்டி நிற்பார்கள். அந்த வாரம்தான் ஆசிரியருக்குப் புதுக் கார் வந்து இறங்கும். தொழிலாளர் உரிமை பற்றி அவர் எழுதும் தலையங்கத்துக்கு ஒற்றுப் போட்டது நான்தான். சமச் சம்பளம் என்பது ஒரு வரிகூடப் பெறாத செய்தியா இல்லையா என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. 1978இல் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவை ‘சிவப்புப் பிரிகேடு’ என்ற ஆயுதக் குழுவினர் கடத்தி வைத்திருந்தபோது, அவர்களுடைய அறிக்கைகளின் மொழி 50களின் கம்யூனிஸ்ட் மொழிதான், நம் குடும்ப ஆல்பத்தைப் புரட்டுவதுபோல் இருக்கிறது என்று இவர் எழுதினார். கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். வேண்டாதவர்களோ, பார்த்தீர்களா என்று குதித்தார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கும் என்று தெரிந்தே எழுதிய வரி அது. அதையும் காணோம்.

புதிதல்ல. இத்தாலியக் கம்யூனிஸ்ட் சிந்தனையாளர் கிராம்சிக்குச் சிறப்பிதழ் போட்டீர்கள். பக்கத்துக்குப் பக்கம் சிறை. 1919இல் தூரினில் ‘ஓர்தினே நுவோவோ’ இதழைத் தொடங்கியவர், 1924இல் ‘உனிதா’ நாளிதழைத் தொடங்கியவர் என்று ஒரு மூலையிலாவது உண்டா? அதைச் சுட்டி எழுதிய என் கடிதத்தைப் பாதியாக நறுக்கி, பாராட்டிய பகுதியை மட்டும் போட்டீர்கள். சந்தாவை உயர்த்தியபோது மட்டும் கடிதம் முழுசாக வந்தது, உங்களிடமிருந்து.

சரி, கேட்பது இவ்வளவுதான். ‘விலகவில்லை, நீக்கப்பட்டார், பத்திரிகையைத் தொடங்கியவர்களுள் ஒருவர்’ என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். மருந்து விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம், கட்டுரை வந்த அதே பக்கத்தில்.

இப்படிக்கு,
நீண்ட நாள் சந்தாதாரர்