ஒரு முழு நாள் ஓர்வியெத்தோவுக்கு ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கும்பகோணம்

அன்புடையீர்,

வணக்கம்.

வரும் கோடைக்கான இத்தாலிப் பயணத் திட்டத்தை வாங்கிச் சென்றவர்களில் பலர் திரும்பி வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். ரோமில் தங்கும் நாட்களில் ஒன்றை முழுதாக ஓர்வியெத்தோ என்ற மலையூருக்கு ஒதுக்கியிருக்கிறோமே, ஏன்? அதே ஒரு நாளில் பீசா, பிளாரன்ஸ், சியெனா மூன்றையும் காட்டுவதாக வேறு இடங்களில் சொல்கிறார்களே? தஞ்சாவூரிலிருந்து பேசிய ஒரு பெரியவர், "குன்றின்மேல் இருக்கும் ஓர் ஊரைப் பார்க்கவா இத்தனை லட்சம் கட்டுகிறேன்?" என்றே கேட்டுவிட்டார். பணம் கட்டுகிறவர் கேட்கத்தான் வேண்டும். கடையில் நின்றபடி ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

மூன்று ஊர்க் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். ரோமிலிருந்து பீசாவுக்குச் சாலை வழியே 300 கிலோமீட்டருக்கு மேல். போய்வர மட்டுமே அறுநூறைத் தாண்டும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஒரு பஸ் ஓட்டுநர் நாளொன்றுக்கு 9 மணி நேரம்தான் வண்டி ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும் 10 மணி நேரம் வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். வண்டியில் பொருத்தியிருக்கும் கருவி எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும் என்பதால் "இன்னும் கொஞ்ச தூரம்தானே அண்ணே" என்ற பேச்சு அங்கே எடுபடாது. பழைய நகரங்களுக்குள் சுற்றுலா பஸ்ஸை விடவும் மாட்டார்கள். வெளியே இறங்கி நடக்க வேண்டும். ஆக, மூன்று ஊரிலும் சேர்த்துத் தரையில் கால் வைக்கும் நேரம் சொற்பம். சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் ஒரு படம் எடுக்கலாம், அவ்வளவுதான். மூட்டுவலிக்காரர்களையும் மூன்று வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிற குடும்பத்துக்கு இது சுற்றுலா அல்ல, தண்டனை. பீசாவைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்குப் பிளாரன்ஸில் இரண்டு இரவு தங்கும் தனித் திட்டம் வைத்திருக்கிறோம். அங்கிருந்து பீசா ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான்.

இனி ஓர்வியெத்தோ. ரோமுக்கு வடக்கே உம்பிரியா மாநிலத்தில் இருக்கிறது. ரோமின் தெர்மினி நிலையத்தில் ரயில் ஏறினால் வண்டியைப் பொறுத்து ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். நெல்வயல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு மலை என்றால் சுவாமிமலையின் அறுபது படிகள், அதுவும் கட்டுமலை. மிஞ்சிப் போனால் திருச்சி மலைக்கோட்டை. ஓர்வியெத்தோவில் கோயில், சந்தை, வீடுகள், பள்ளிக்கூடம் என்று ஊர் மொத்தமும் பாறையின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. சுமார் மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய சாம்பல் இறுகி உண்டான பாறை அது. சுற்றிலும் செங்குத்தாக வெட்டி இறங்கும். ரோமானியர்களுக்கு முந்திய எத்ருஸ்கர்கள் அதன்மேல் ஒரு பெரிய நகரத்தை வைத்திருந்தார்கள். கி.மு. 264-இல் ரோமானியர்கள் அதைப் பிடித்து அழித்து, மிஞ்சிய மக்களைப் பொல்சேனா ஏரிக்கரைக்குக் குடிபெயர்த்தார்கள். இங்கே அசோகர் ஆட்சி தொடங்கிய காலத்தை ஒட்டிய செய்தி இது.

ரயில் நிலையம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. நிலையத்துக்கு எதிரிலேயே மலையேறும் வண்டி. பழநியில் விஞ்ச் என்கிறோமே, அதே வகை. சுமார் 580 மீட்டர் தூரத்தைச் சில நிமிடங்களில் ஏறிவிடும். 1888-இல் இதைத் தொடங்கியபோது மின்சாரம் கிடையாது, தண்ணீர்தான். மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் நீரை நிரப்புவார்கள். அந்தக் கனத்தில் அது இறங்க, கம்பியின் மறுமுனையில் இருக்கும் பெட்டி ஏறும். கீழே வந்ததும் நீரைத் திறந்துவிட்டுவிடுவார்கள். 1970-இல் நின்றுபோய், 1990-இல் மின்சாரத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது. வாய்க்கால் மதகோடு வாழ்ந்தவர்கள் யாராக இருந்தாலும் இதைக் கேட்டதும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பதைப் பார்த்திருக்கிறோம்.

விஞ்சிலிருந்து இறங்கினால் பக்கத்திலேயே சான் பத்ரீசியோ கிணறு. இந்த நாளை நாங்கள் விட்டுக்கொடுக்காததற்கு முதல் காரணம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறோம்.

1527-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படையினர் ரோமைச் சூறையாடினார்கள். போப் ஏழாம் கிளெமெண்ட் தப்பி ஓர்வியெத்தோவுக்கு வந்து சேர்ந்தார். நாலு பக்கமும் செங்குத்துப் பாறை. பகைவன் ஏறிவர முடியாது. ஆனால் கீழே முற்றுகையிட்டு உட்கார்ந்துவிட்டால் மேலே இருப்பவர்களுக்குத் தண்ணீர் வேண்டாமா? அந்தோனியோ ட சங்கால்லோ என்ற கட்டடக் கலைஞரை அழைத்துக் கிணறு வெட்டச் சொன்னார். 53 மீட்டர் ஆழம், 13 மீட்டர் அகலம். 1537-இல் வேலை முடிந்தபோது கிளெமெண்ட் உயிரோடு இல்லை. அடுத்த போப் வந்துவிட்டார்.

இவ்வளவு ஆழத்திலிருந்து ஓர் ஊருக்குத் தண்ணீர் எடுப்பது எப்படி? கழுதைகளில் ஏற்றித்தான். ஒரே படிக்கட்டு என்றால் இறங்கும் கழுதையும் ஏறும் கழுதையும் முட்டிக்கொண்டு நிற்கும். சங்கால்லோ, கிணற்றுச் சுவரைச் சுற்றி இரண்டு படிக்கட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருட்டி வைத்தார். ஒவ்வொன்றிலும் 248 படிகள். ஒன்றின் வாசலில் நுழைந்தால் அடிவரை போய், நீர்மட்டத்தில் இருக்கும் சிறிய பாலத்தைக் கடந்து, மற்றொன்றின் வழியே ஏறி எதிர்வாசலில் வெளிவரலாம். வெறும் கழுதை இறங்கும், நீர்சுமந்த கழுதை ஏறும், இரண்டும் வழியில் சந்திக்கவே சந்திக்காது. நடுவில் இருக்கும் வெட்டவெளியை நோக்கிச் சுமார் 70 சாளரங்கள். மேலிருந்து விழும் பகல் வெளிச்சம் அவற்றின் வழியேதான் படிக்கு வருகிறது.

இறங்கும்போது சாளரத்தில் எட்டிப் பாருங்கள். எதிர்ச் சாளரத்தில் தெரியும் முகம் ஏறிக்கொண்டிருப்பவருடையது. மன்னார்குடியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் பேத்தி முன்னால் ஓடி, அடியைத் தொட்டு, ஏறவும் தொடங்கிவிட்டாள். பாட்டி அப்போதுதான் பாதி இறங்கியிருந்தார். இருவரும் எதிரெதிர்ச் சாளரத்தில் பார்த்துக்கொண்டதும், "அங்கேயே நில்லடி, இதோ வருகிறேன்" என்று பாட்டி குரல் கொடுத்தார். சில மீட்டர் வெற்றிடம்தான் குறுக்கே. ஆனால் பாட்டி அடிவரை போய், பாலத்தைக் கடந்து, ஏறித்தான் அவளிடம் சேர முடிந்தது. அதற்குள் பேத்தி மூன்று முறை, "எங்கே இருக்கிறாய் பாட்டி?" என்று கேட்டுவிட்டாள், கிணறு முழுக்க அது சுற்றி எதிரொலித்தது. படிகள் கழுதைக்காக வெட்டியவை என்பதால் அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருக்கும். இருந்தாலும் இறங்கியதை ஏறியே ஆக வேண்டும். அடியில் ஈரமும் குளிரும் உண்டு. மே மாதமாக இருந்தாலும் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் மேலேயே இருக்கலாம். கிணற்றை அடுத்துப் பழைய கோட்டையின் தோட்டம் இருக்கிறது. நிழலில் உட்கார்ந்து, டைபர் ஆற்றில் போய்ச் சேரும் பால்யா ஆற்றின் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு வார்த்தை இடையில். திருச்சிக்கு வடக்கே திருவெள்ளறையில் ஸ்வஸ்திக வடிவக் கிணறு ஒன்று இருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டுவித்த மாற்பிடுகு பெருங்கிணறு. நான்கு பக்கமும் படிகள். ஒரு துறையில் இறங்குபவர் மற்ற துறைகளில் இருப்பவரைப் பார்க்க முடியாத அமைப்பு. ஓர்வியெத்தோ கிணற்றைவிட ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் மூத்தது. காவிரிக்கரைக்காரர்கள் பலர் இதைப் பார்க்காமலே இத்தாலிக்குக் கிளம்புகிறார்கள் என்பது எங்களுக்கு நெடுநாளைய வருத்தம். அதனால் பயணத்துக்குப் பதிவு செய்பவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவெள்ளறைக்கு அழைத்துப் போகிறோம். புண்டரீகாட்சப் பெருமாள் தரிசனம், கிணறு, பிறகு பயணம் பற்றிய விளக்கக் கூட்டம். வேன் செலவு எங்களுடையது.

மதியத்துக்கு மேல் பேராலயம். இந்த வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். அதன் முகப்பு மேற்குப் பார்த்தது. பொன்பதித்த மொசைக் படங்கள்மேல் வெயில் விழுவது பிற்பகலில்தான். 1290-இல் அடிக்கல் நாட்டிய கட்டடம். வெள்ளைக் கல்லும் கரும்பாறையும் மாறி மாறி வரிவரியாக அடுக்கியிருப்பார்கள். கோயில் மதில் பட்டையைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அது அந்நியமாகவே தோன்றாது. உள்ளே வலப்பக்கச் சிற்றாலயத்தில் லூக்கா சிக்னொரெல்லி 1499 முதல் 1504 வரை தீட்டிய சுவரோவியங்கள்: உலக முடிவு, இறந்தவர்கள் மண்ணைப் பிளந்துகொண்டு எழுவது, நரகம். சின்னக் குழந்தைகளை அந்தப் பக்கம் ரொம்ப நேரம் நிறுத்தி வைக்க வேண்டாம். வேளாங்கண்ணி, பூண்டி வட்டாரத்து வாடிக்கையாளர்களுக்கு இன்னொரு செய்தி. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவைத் திருச்சபை முழுவதும் கொண்டாட வேண்டும் என்று 1264-இல் போப் நான்காம் உர்பன் ஆணையிட்டது இந்த ஊரிலிருந்துதான். அதற்கு முந்திய ஆண்டு பொல்சேனாவில் திருப்பலி அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்ததாகச் சொல்லும் அற்புதத்தோடு தொடர்புடைய திருத்துணியை இந்தப் பேராலயத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஞாயிறு காலை வழிபாட்டு நேரம் என்பதால் அந்த நாளைத் தவிர்த்தே தேதி போட்டிருக்கிறோம். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். புடவை, வேட்டிக்கு எந்தத் தடையும் இல்லை. செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் வாசலில் கழற்றிவிட்டுத் தேடுகிறார்.

ஊருக்கு அடியில் குடைந்த குகைகள் 1,200-க்கும் மேல். எண்ணெய் ஆட்டிய இடம், புறா வளர்த்த மாடங்கள், கிணறுகள் என்று வழிகாட்டியோடு பார்க்கலாம். குறுகலான வழிகள் உண்டு என்பதால் இதைக் கட்டணத்தில் சேர்க்கவில்லை. விரும்புபவர்கள் அங்கேயே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். சுத்த சைவக்காரர்கள் கவனிக்க: அங்கே பாஸ்தாவின்மேல் தூவும் பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேரும். "சைவம்தான்" என்று பரிமாறுபவர் சொல்வது அவர் கணக்கில் உண்மை, நம் கணக்கில் அல்ல. தக்காளியும் பூண்டும் போட்ட பாஸ்தா, சீஸ் இல்லாமல், என்று நாங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவோம். சிறிய ஊர்களில் மதியச் சமையல் இரண்டரை மணிவாக்கில் முடிந்துவிடும், பிறகு இரவுதான். ஆகவே கிணற்றிலிருந்து ஏறியதும் நேரே சாப்பாடு. பில்லில் உட்கார்ந்ததற்கென்று ஆளுக்கு ஒரு சிறு தொகை போடுவார்கள். ஏமாற்று அல்ல, வழக்கம்; அதைக் கட்டணத்தில் சேர்த்துவிட்டோம். காபி நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் பல இடங்களில் கூடுதல் விலை. வருவது இரண்டு மடக்குதான். டிகிரி காபியை நினைத்துக்கொண்டு வாங்காதீர்கள், குணத்தில் வேறு சாதி, ஆனால் கேவலமில்லை. பேரன் பேத்திகளுக்கென்று பால்கோவா, நெய்ப் பாட்டில் எடுத்துவர வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது. விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அவ்வப்போது நடக்கும். நல்லவேளையாக, முன்பே அறிவித்துவிடுவார்கள். வாரநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் குறைந்தபட்சம் ஓடியாக வேண்டும் என்பது விதி. நம் புறப்பாடும் திரும்புதலும் அந்த நேரங்களுக்குள் வரும்படிதான் திட்டம் போட்டிருக்கிறோம். அதிகாலையில் ஏன் எழுப்புகிறார்கள் என்ற முணுமுணுப்புக்கு இதுவே பதில்.

பயணம் ஏப்ரல் கடைசியில் புறப்பட்டு மே நடுவில் திரும்பும். பள்ளி விடுமுறையும் ஒத்துவரும், ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்குவதற்கு முன் விவசாயிகள் ஊரிலும் இருக்கலாம். அங்கே ஜூலை, ஆகஸ்டில் நம் ஊரைப் போலவே வெயில் காயும். அதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

கட்டணத்தில் ரயில், விஞ்ச், கிணறு, பேராலயம், மதியச் சாப்பாடு எல்லாம் அடங்கும். விசாவுக்குப் பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவிலிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. அதை நாங்களே எடுத்துத் தருகிறோம். 12 வயது நிரம்பியவர்கள் கைரேகை கொடுக்க நேரில் வர வேண்டும். பாஸ்போர்ட் நகலோடு, முழங்கால் வலி, சர்க்கரை, சைவமா அசைவமா என்பதை ஒரு தாளில் எழுதிக் கடையில் கொடுத்துவிடுங்கள். பெயர்களை பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்