உன் ஸ்கிரிப்ட் படிச்சேன் சுமதி

அன்புள்ள சுமதி,

எப்படிடி இருக்க? இங்க அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு இப்பதான் வாக்கர் இல்லாம நடக்கறாங்க, சின்னவன் பிளஸ் டூ, அதனால வீட்ல டிவியே கிடையாது. நீ ஸ்டூடியோ வேலைய விட்டுட்டு சொந்தமா ஒரு அனிமேஷன் ஷார்ட் ஃபிலிம் பண்ணப் போறேன்னு எழுதினதும், அதுவும் ஆட்டிசம் இருக்கற ஒரு பொண்ணோட காதல் கதைன்னதும், ராத்திரியே உக்காந்து ஸ்கிரிப்ட முழுசா படிச்சிட்டேன்.

நல்லா இருக்குடி. ஆனா கதை முழுக்க அந்தப் பையன் பக்கமே நிக்குது. அவன் அவளப் பாக்கறான், குழம்பறான், பொறுமைய கத்துக்கறான், கடைசில அவ அவன் கண்ணப் பாத்து சிரிச்சதும் படம் முடிஞ்சிடுது. அவளுக்கு அவன ஏன் பிடிச்சுது? அத எங்கயுமே காணோம். ஸ்கூல்ல தினம் ஆட்டிசம் இருக்கற பசங்களோட இருக்கறதால சொல்றேன், கண்ணுக்குக் கண் பாக்கறது நாம வச்சிருக்கற கணக்கு, அவங்கள்ல நிறைய பேருக்கு அது தாங்க முடியாத அவஸ்தை, எவ்வளவு பிடிச்சவங்களா இருந்தாலும்.

பிக்சாரோட லூப்ங்கற அனிமேஷன் ஷார்ட் பாத்திருப்ப, 2020ல வந்தது. ரெனே பேச மாட்டா, மார்கஸ் வாய் ஓயாதவன், ரெண்டு பேரும் ஒரே படகுல. ரெனேக்கு குரல் கொடுத்த பொண்ணும் ஆட்டிசம் இருக்கற, பேசாத பொண்ணுதான், அதனாலயே அந்த சத்தங்கள்ல ஒரு துளி நடிப்பு இல்ல. அவ உடைஞ்சு போய் கவுந்த படகுக்கு அடியில ஒளிஞ்சுக்கறப்ப அவன் அவள இழுக்காம, கொஞ்சம் தள்ளி உக்காந்து காத்திருப்பான் பாரு, எனக்கு எந்தக் காதல் சீனும் அதுக்கு ஈடில்ல. ஆனா அவங்க சின்னப் பசங்க. 2019ல வந்த பிக்சாரோட இன்னொரு ஷார்ட் ஃப்ளோட்லயும் குழந்தைதான், மனசு மாறறது அப்பாதான். வளந்தவங்க, ஆசைப்படறவங்க எங்க? மேரி அண்ட் மேக்ஸ் (2009) ஷார்ட் இல்லதான், முழுநீள அனிமேஷன் படம், ஆனா அதுல பேனா நண்பியான மேரி காதலப் பத்தி லெட்டர்ல கேட்டதுக்கே மேக்ஸ் ஆடிப்போய் ஆஸ்பத்திரில கிடப்பான், அப்புறம் அவனோட ஆஸ்பெர்கர (அதுவும் ஆட்டிசத்துல சேந்ததுதான்) வச்சு அவ புக்கே எழுதினதும் டைப்ரைட்டர்லேர்ந்து எம் எழுத்த பிடுங்கி அனுப்பிடுவான். தன்ன ஒரு கேஸா ஆக்கிட்டாளேங்கற அந்த வலி இருக்கே, உன் ஸ்கிரிப்ட் படிக்கறப்ப எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு, கோச்சுக்காத.

டேமியன் மில்டன்னு ஒருத்தர், அவரும் ஆட்டிசம் இருக்கறவர்தான், 2012லயே எழுதினார், அவங்களுக்கு நம்மள புரியலங்கறது பாதிதான், நமக்கும் அவங்கள புரியறதில்லன்னு. உன் பையனும் தப்புத் தப்பா புரிஞ்சுக்கட்டும், அவளும் அவனப் பாத்து எரிச்சல்படட்டும், வேணாம்னு சொல்லட்டும், அப்புறம் அவளே தேடி வரட்டும்.

என்கிட்ட படிச்ச ஒரு பையன், இப்ப வேலைக்குப் போறான், தனக்குப் பிடிச்ச பொண்ணுக்கு தினமும் சாயங்காலம் எந்த ரயில் எவ்வளவு லேட்டுன்னு மெசேஜ் அனுப்புவான், அவ எங்கயும் போகப் போறதில்ல, ஆனா அவன் ரொம்ப நேசிக்கற விஷயம் அதுதான், அத அவளுக்குக் குடுக்கறான். அவளும் விடாம பதில் போடுவா. இந்த மாதிரி ஏதாவது உன் படத்துல வேணும்டி.

அனிமேஷன் உன் கைல இருக்கறப்ப வெளிய நின்னு ஏன் காட்டணும்? மிக்ஸி சத்தம் வந்தா அவ உலகத்துல கோடு நடுங்கட்டும், லேசா தொட்டா நெருப்பு மாதிரி, இறுக்கிப் பிடிச்சா நிம்மதி, நிறைய பேருக்கு அப்படித்தான், அந்த வித்தியாசத்த கலர்லயே பண்ணலாம். அப்புறம் 1992ல டிம் வெப் எடுத்த ஏ இஸ் ஃபார் ஆட்டிசம் தேடிப் பாரு, பதினோரு நிமிஷம்தான், ஆட்டிசம் இருக்கறவங்களோட ஓவியமும் குரலுமே அதுல வரும். நீயும் படம் முடிச்சிட்டு அபிப்ராயம் கேக்காம ஸ்டோரிபோர்டு போடறப்பவே ஆட்டிசம் இருக்கற பெரியவங்க ரெண்டு மூணு பேரக் கூட உக்கார வை, அவங்க நேரத்துக்கு சம்பளமும் குடு.

பொங்கலுக்கு மதுரை வர்றியா? வந்தா லேப்டாப்பும் எடுத்துட்டு வா, அந்தக் கடைசி சீன சேந்து மாத்தலாம்.

அன்புடன்,
கலை