அரபெல் மேட்டில் ஒரு ஜெர்மன்காரர்

அன்புள்ள மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன். போன் போட்டால் நடுவில் புகுந்து ஜோக் அடிப்பாய், பேச வந்தது போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். நம்ம கூட்டாளி பிஸ்கட் புது வேலைக்குப் போயிருக்கிறான், சம்பளம் எவ்வளவு என்று சொல்ல மாட்டேன் என்கிறான். அப்படியானால் நல்ல சம்பளம்தான்.

கிர்கிஸ்தான் சைக்கிள் ரேஸில் நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது, மேப்பில் என் புள்ளி ஒரே இடத்தில் நின்றதும் "தூங்கிட்டான்" என்றும், அது வந்த வழியே வேகமாகத் திரும்பி ஓடியதும் "லாரி ஏறிட்டான்" என்றும் குரூப்பில் போட்டீர்களாமே. ஏறினேன்டா. லாரி இல்லை, வேன்.

சில்க் ரோடு மவுண்டன் ரேஸின் விதிதான் உனக்கு மனப்பாடமாயிற்றே. சோறு, தூக்கம், பஞ்சர் எல்லாம் அவனவன் பாடு, கடிகாரம் நிற்காது. இசிக்குல் ஏரிக்கரை 1,600 மீட்டர். அங்கே ரொட்டி தின்றுவிட்டு பார்ஸ்கூன் பள்ளத்தாக்கில் ஏறத் தொடங்கினால் 3,700-ஐத் தாண்டித்தான் மேடு வரும். மேலே இருக்கும் தங்கச் சுரங்கத்துக்காகப் பராமரிக்கிற மண்சாலை அது, நம்ம ஊர்த் தார்ச்சாலை தோற்கும். வினையே அதுதான். சாலை நன்றாக இருப்பதால் ஒரே நாளில் 2,000 மீட்டர் ஏறிவிடுகிறோம். மூவாயிரத்துக்கு மேல் போனால், படுக்கிற இடத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று உன் தங்கச்சி படித்துப் படித்துச் சொன்னாள். ரேஸில் எவன் கேட்கிறான்?

அரபெல் மேட்டில் மரம் என்று ஒன்று கிடையாது. புல், குட்டை, காற்று, அவ்வளவுதான். ஒரு குட்டையோரம் அவர் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரர், நம்மைவிடப் பத்து வயதாவது கூடுதல். முந்தின ராத்திரி அங்கேயே படுத்திருக்கிறார். "வயிறு" என்றார். அந்த ரேஸில் வயிறு கெடாதவன் யார்? குதிரைப்பால் கூமிஸ், ஆடுமாடு இறங்குகிற ஓடைத் தண்ணீர் எல்லாம் உள்ளே போகிறதே. ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன்.

எழுந்து நின்றவர் பக்கவாட்டில் நடந்தார். ஜாக்கெட் ஜிப்பைக் கோக்க விரல் வரவில்லை, வலது கையுறையை இடது கையில் மாட்டப் பார்க்கிறார். பேதி உண்டா என்றால் இல்லை, தலை மட்டும் பிளக்கிறது என்றார். குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். நான் ஏதோ குடிகாரனைப் பிடித்த டிராஃபிக் போலீஸ் மாதிரி நிற்க, அவர் சிரித்துக்கொண்டே இரண்டு அடி வைத்துச் சரிந்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இது வயிற்றுக் கோளாறு இல்லை மாப்ள, உயரத்தால் மூளை வீங்குகிறது. விட்டால் மயக்கம், அப்புறம் ஆளே இல்லை.

உன் தங்கச்சி எழுதிக் கொடுத்த, மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை பையில் இருந்தது. முதலில் 8 மில்லிகிராம், பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 4 என்று அவள் கையெழுத்திலேயே சீட்டு. ஆனால் மாத்திரை கொஞ்சம் நேரம்தான் வாங்கித் தரும். கீழே இறக்குவதுதான் மருந்து.

ட்ராக்கரில் இருக்கும் எஸ்.ஓ.எஸ். பொத்தானை அழுத்தப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நிற்கவே முடியாத ஆளுக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ! அழுத்தினால் அவர் ரேஸ் முடிந்தது. போன முறையும் பாதியில் விட்டவராம். காலையில் சரியாகிவிடும், யாரிடமும் சொல்லாதே, நீ போ என்று கெஞ்சினார். அழவும் செய்தார். எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் அப்பன் பாட்டன் வரை தமிழிலேயே இழுத்துத் திட்டிக்கொண்டு என் ட்ராக்கரில் அழுத்தினேன்.

அழுத்தியதும் ஹெலிகாப்டர் வரும் என்று நினைக்காதே. செய்திதான் வந்தது: முடிந்தால் உடனே கீழே இறங்கு. சைக்கிளை எல்லாம் போட்டுவிட்டு, அவரைத் தோளில் சாய்த்துச் சாலைவரை கூட்டிப் போய், ஸ்லீப்பிங் பேக்கில் சுற்றி உட்கார வைத்தேன். கடைசியில் ஒரு பழைய ரஷ்ய வேன். பெரியவர், அவர் மருமகள், கால் கட்டிய ஒரு ஆடு. பணம் நீட்டினால் பெரியவர் கோபித்துக்கொண்டு என் வாயில் 'குருத்' என்கிற உருண்டையைத் திணித்தார். உப்போ உப்பு, கல் மாதிரி காய்ந்த தயிர். அந்த ஆடு வழியெல்லாம் ஜெர்மன்காரர் மடியில்தான் தலை வைத்திருந்தது.

கீழே இறங்க இறங்கப் பேச்சு தெளிந்தது. ஏரிக்கரை ஊரில் ஒரு தட்டு லக்மான் நூடுல்ஸைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, தன் ரேஸைக் கெடுத்ததற்கு என்னைப் பிடித்துத் திட்டினார் பார்! பிறகுதான் வாய் தவறி வந்தது: தலைவலி முந்தின நாள் ஏற்றத்திலேயே தொடங்கியிருக்கிறது. அது என்னவென்றும் தெரியும். தெரிந்தேதான் ஏறியிருக்கிறார்.

நான் திரும்ப அதே குட்டைக்குப் போய் அங்கிருந்து ஓட்டினேன். கெடுவுக்குள் முடிக்கவில்லை. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த மணிக்கட்டுப் பிடி மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அவர் முட்டாள் இல்லை மாப்ள. எங்கள் எல்லோரையும்விட அனுபவசாலி. உடம்பு சொன்னது அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது. வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

இப்போது உன் கதைக்கு வா. கொல்லிமலையில் எழுபது வளைவில் பாதி தாண்டியதும் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாயே. "கேஸ்" என்றாய். பிஸ்கட் சோடா வாங்கி வந்தான், எல்லோரும் சிரித்தோம். இறங்கும்போது என்னிடம் தனியாகச் சத்தியம் வாங்கினாய், வீட்டில் சொல்லக் கூடாதென்று. உங்கள் அப்பா எந்த வயதில் போனார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அடுத்த கிர்கிஸ்தான் ரேஸுக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று வாய்ஸில் உற்சாகமாகக் கேட்கிறாய். அந்த உற்சாகத்தில்கூட நடுநடுவே மூச்சு வாங்குகிறதுடா.

சத்தியத்தை உடைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தின் காப்பி ஒன்று உன் தங்கச்சிக்கும் போயிருக்கிறது. அவள் வியாழக்கிழமை காலை உனக்கு ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் எல்லாவற்றுக்கும் நேரம் வாங்கியாயிற்று. என்னைத் திட்டுவதானால் வெள்ளிக்கிழமை போன் போட்டுத் திட்டு.

உன்
மாப்ள