சர்வாதிகாரி போடும் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

போர் மிரட்டலுக்குப் பணியாத சர்வாதிகாரியைப் 'புத்தி பேதலித்தவர்' என்று தங்கள் தலையங்கம் சொல்லியிருந்தது. அப்படி முத்திரை குத்திவிட்டால் அவர் அடுத்து என்ன செய்வார் என்று கணிக்கவே முடியாமல் போகும். அவரும் கணக்குப் போட்டுத்தான் நடக்கிறார். எல்லையில் நிற்கும் அந்நியப் படையைவிட, பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்கும் சொந்தத் தளபதிதான் அவருக்குப் பெரிய பயம்.

2003-இல் ஈராக் அதிபர் சதாம் உசேன் செய்ததைப் பாருங்கள். அமெரிக்கப் படை குவைத்தில் குவிந்துவிட்டது. அப்போதும் தன் ராணுவத்தின் வலுவான பிரிவான குடியரசுக் காவல் படையைத் தலைநகர் பாக்தாதுக்குள் அவர் விடவில்லை. ஆட்சியைக் கவிழ்த்துவிடும் என்ற சந்தேகம். உள்ளே இருக்க அனுமதி சிறப்புக் காவல் படைக்கு மட்டும். எதிரி வரும் பாதையில் பாலங்களைத் தகர்க்கவும் சம்மதிக்கவில்லை. 1991-இல் தெற்கே ஷியா மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மறுபடி அப்படி நடந்தால் அடக்கப் போகிற படைக்குப் பாலம் வேண்டுமே! பேரழிவு ஆயுதம் தன்னிடம் இல்லை என்பதை முழுதாகத் திறந்து காட்டாததற்கு ஈரான் மீதிருந்த பயமே காரணம் என்று, பிடிபட்ட பிறகு விசாரணையில் சொன்னார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே யோசித்து எடுத்த முடிவுகள். எல்லாம் சேர்ந்தபோது மூன்றே வாரத்தில் பாக்தாத் விழுந்தது.

தவறான தகவலாலும் கணக்கு பிசகும். சோவியத் ராணுவ உளவுத்துறைத் தலைவர் புரொஸ்குரோவை ஸ்டாலின் 1940-இல் நீக்கினார். மறு ஆண்டு அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்து வந்த கோலிகோவ், ஜெர்மனி தாக்கப்போகிறது என்ற செய்திகளை எதிரி பரப்பும் பொய் என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினார். 1941 ஜூன் 22-இல் தாக்குதல் வந்தது. உண்மை சொன்னால் தலை போகும் இடத்தில் யார் வாய் திறப்பார்கள்?

பணிந்தால் உயிர் மிஞ்சும் என்ற உறுதி இல்லையென்றால் மிரட்டலும் பலிக்காது. 2003-இல் பேரழிவு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்ட லிபியாவின் கடாபி 2011-இல் கொல்லப்பட்டதை எந்த சர்வாதிகாரி மறப்பார்?

இது நமக்கு எட்டாத அரசியல் இல்லை. 1990-இல் குவைத்தை ஈராக் பிடித்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக விமானத்தில் மீட்கப்பட்டார்கள். வளைகுடாவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்கள் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் ஏராளம். 'வந்துவிடு' என்பதா, 'பொறுத்திரு' என்பதா என்று அவர்கள் முடிவெடுக்க ஏவுகணை எண்ணிக்கை மட்டும் போதாது. தலைநகரைக் காக்கும் படை எங்கே நகர்கிறது, எந்தத் தளபதி மாற்றப்பட்டார், சமரசம் பேச யார் தூது போகிறார்கள் என்பதையும் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுத வேண்டும்.

– வாசகர், பாளையங்கோட்டை