பேரு தெரியாத ஃபைல தேடறது எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல கம்ப்யூட்டர் பக்கத்துல ஃபைல் தேடறதப் பத்தி வந்த கட்டுரை நல்லாதான் இருந்துச்சு, ஆனா பேர வச்சு தேடறதோட நின்னுடுச்சு. பேரு ஞாபகம் இருந்தா நாங்க ஏன் சார் தேடறோம்? டிடிபி சென்டர் கம்ப்யூட்டர்ல பாதி ஃபைலுக்கு "நியூ", "நியூ 2"னுதான் பேரே இருக்கும்.

பேரு தெரியலன்னா ஃபைலுக்குள்ள இருக்கற வார்த்தைய வச்சு தேடலாம். அதுக்கு லினக்ஸ்ல (விண்டோஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்) கிரெப்னு (grep) ஒரு கமாண்ட் இருக்கு, 1973ல லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸோட வந்தது, கென் தாம்சன் எழுதினது. அதுல சின்ன ஆர் (-r) போட்டா ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா போய் தேடும், சின்ன எல் (-l) போட்டா வரிய காட்டாம ஃபைல் பேர மட்டும் குடுக்கும், அந்த லிஸ்ட்ட பைப் (| குறி, ஒரு கமாண்ட் குடுக்கறத அடுத்ததுக்கு அனுப்பும்) போட்டு எக்ஸ்ஆர்க்ஸ் (xargs, லிஸ்ட்ட வாங்கி இன்னொரு கமாண்டுக்கு குடுக்கறது) வழியா காப்பி பண்ற சிபி (cp) கமாண்டுக்கு அனுப்பினா எல்லாம் ஒரே இடத்துக்கு காப்பி ஆயிடும். ஃபைல் பேர்ல ஸ்பேஸ் இருந்தா மட்டும் ஒரு பேர ரெண்டா வெட்டிடும், அதுக்கு கிரெப்ல பெரிய இசட் (-Z), எக்ஸ்ஆர்க்ஸ்ல சைபர் (-0) சேத்துக்கணும். ரெண்டு ஃபோல்டர்ல ஒரே பேர்ல ஃபைல் இருந்தா சிபிக்கு பேரன்ட்ஸ் (--parents) ஆப்ஷன் குடுங்க, ஃபோல்டரோடயே காப்பி ஆகும். லூப் போட்டு ஒண்ணொண்ணா காப்பி பண்றவங்க இத விட்டுட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி முதல் ஃபைல் சத்தமில்லாம போயிடும்.

ஆனா வேர்ட் ஃபைல் (டாக்எக்ஸ்) இதுல சிக்காது, அது உள்ள ஜிப் பண்ணி இருக்கு, லிப்ரே ஆபீஸ் வச்சு டெக்ஸ்டா மாத்திட்டு தேடணும், பிடிஎஃப்னா பிடிஎஃப்டுடெக்ஸ்ட் (pdftotext) கமாண்ட் வச்சு மாத்தணும்.

நம்மாளுங்களுக்கு பெரிய தலைவலி தமிழ்லதான். பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச ஃபைல்ல உள்ள இருக்கறது எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, ஃபான்ட்தான் அதுக்கு தமிழ் முகமூடி போட்டு காட்டுது, யூனிகோட்ல (ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி கோட் இருக்கற இப்போதைய பொது முறை) எத்தன தடவ தேடினாலும் ஒண்ணும் வராது. சரி யூனிகோட் ஃபைல்தானேன்னு பாத்தா அங்கயும் "கொ"ங்கற எழுத்த ரெண்டு விதமா சேமிக்கலாம், ஒகரக் குறி ஒரே குறியாவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், கிரெப்புக்கு வேற வேற. தேடறதுக்கு முன்னாடி யூகான்வ்ங்கற (uconv) கமாண்ட்ல எல்லாத்தையும் என்எஃப்சிக்கு (NFC, ஒகரக் குறிய ஒரே குறியா வைக்கற முறை) மாத்திட்டா இந்தப் பிரச்சனை வராது.

கட்டுரை எழுதறவர் அடுத்த வாரம் பாமினிய யூனிகோடுக்கு மாத்தறதப் பத்தி எழுதினா நல்லாருக்கும், பழைய ஃபைல் வச்சிருக்கற டிடிபிகாரங்க எல்லாருமே படிப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு டிடிபி சென்டர்காரர்