உரக்கச் சொல், கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் செய்தி வந்து நாலு நாள் ஆகிவிட்டது. செப்டம்பரில் கென்யாவில் இருக்கும் மாசாய் மாராவுக்கு சஃபாரி போகிறோம், அங்கேயே நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்று கல்யாண உறுதிமொழி சொல்லிக்கொள்ளப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். அந்த 'இரண்டு பேர் மட்டும்' என்ற இடத்திலேயே என் மனசு நின்றுவிட்டது. பெற்றவளுக்கு அங்கே நிற்க ஒரு இடம் இல்லையா என்று அழுதேன். அதை மறைத்துவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகத் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இப்போது அந்த வருத்தம் தணிந்துவிட்டது. எப்படித் தணிந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா உன் செய்தியைப் படித்ததும் ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த நடிகையும் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனும் 1964-ல் கல்யாணம் செய்து, 1974-ல் விவாகரத்து ஆகி, 1975 அக்டோபர் 10 அன்று போட்ஸ்வானாவில் சோபே ஆற்றங்கரையில் உள்ள கசானேயில் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அடுத்த வருஷமே பிரிந்தும் போனார்கள். "அத்தனை யானையும் அந்த ஆறும் பக்கத்தில் இருந்தும் என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவர் கேட்டது காட்டைப் பற்றி இல்லை, உன்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். நான் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி படுத்த பிறகுதான் எங்களுடைய மாரா ஞாபகம் வந்தது.

நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் நாங்கள் இரண்டு பேரும் அங்கே போய் வந்தோமே. உனக்கு யானைக்கூட்டத்தின் போட்டோ மட்டும் காட்டினோம். மற்றதைச் சொன்னதில்லை. அப்பாவைக் கேட்டுத்தான் இப்போது எழுதுகிறேன். "சொல்லு, அவளுக்கு இப்போது தெரியட்டும்" என்றார்.

நாங்கள் போனது ஏப்ரலில். மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழைக் காலம். அழைத்துப் போனவர்கள் அதைச் சொல்லவே இல்லை, கட்டணம் குறைவு என்று மட்டும் சொன்னார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் வண்டி கரிசல் மண்ணில் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. அந்த மண் காய்ந்திருந்தால் பாறை, நனைந்தால் பிசின். வழிகாட்டியே ஓட்டுநரும். அவர் ரேடியோவில் உதவி கேட்டுவிட்டு, யாரும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மழை விட்டதும் புதரோரத்தில் இரண்டு சின்னஞ்சிறு மான்கள் வந்து நின்றன. என் முழங்கால் உயரம்தான் இருக்கும், ஐந்து கிலோ தேறுமா என்பது சந்தேகம். டிக்-டிக் என்று பெயராம். பெண் மான் முன்னால் நடந்தது, ஆண் அதன் காலடியை விட்டு விலகவே இல்லை. பெண் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. பிறகு ஆண் மான் தலையைச் சாய்த்து, கண்ணோரத்தில் இருக்கும் கறுப்புப் பள்ளத்தை ஒரு புல்நுனியில் மெள்ள வைத்து எடுத்தது. கண்ணைக் குத்திக்கொள்ளப் போகிறதே என்று எனக்குப் பதைத்தது. அது நகர்ந்த பிறகு பார்த்தால் புல்நுனியில் தார்ச்சொட்டு மாதிரி ஒரு கறுப்பு மணி. வழிகாட்டி சொன்னார்: இது எங்கள் இடம் என்று வைக்கிற அடையாளம் அது, மழை கழுவினால் திரும்ப வைக்கும், ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் ஒன்று சாகும் வரை பிரியாது.

அப்பா அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். எனக்குத் தெரியாமல் நண்பருக்காகப் பெரிய கடன் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டு, அது அவர் தலையில் விழுந்து, இரண்டு வருஷமாகத் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் வண்டியை விட்டு இறங்கிப் போயிருப்பேன், இறங்கவும் வழியில்லை. அழுதேன், திட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் இதைத்தான் சொன்னார்: "இனிமேல் உனக்குத் தெரியாமல் எங்கேயும் கையெழுத்துப் போட மாட்டேன்." முன்னால் இருந்த வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அந்த மனிதரை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

எங்கள் கல்யாணத்தில் நானும் அப்பாவும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்லாவற்றையும் மற்றவர்கள் சொன்னார்கள். அவர் எனக்குத் தன் வாயால் கொடுத்த முதல் வாக்கு அந்தச் சேற்றில்தான். அதை இன்று வரை காப்பாற்றியிருக்கிறார். போன மாதம் ஒரு சின்ன விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட "இங்கே வா, இதைப் பார்" என்று என்னைக் கூப்பிட்டார்.

அதனால்தான் உன்னிடம் இதைக் கேட்கிறேன். நீங்கள் எழுதி வைத்திருக்கும் உறுதிமொழியில் "என்றென்றும்", "எல்லா ஜென்மத்திலும்" எல்லாம் இருக்கட்டும், அதுவும் அழகுதான். கூடவே, காப்பாற்றினாயா இல்லையா என்று ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை தெரிந்துவிடக்கூடிய ஒரு வாக்கையும் ஆளுக்கொன்று சொல்லுங்கள். உனக்குக் கோபம் வந்தால் மூன்று நாள் பேச மாட்டாய், அது எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒன்று சொல். அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்கே தெரியும். போனைப் பார்த்து வாசிக்காதீர்கள். மனப்பாடம் ஆகிற அளவுக்குச் சின்னதாக இருந்தால் போதும். புல்வெளியில் காற்று பேச்சை அள்ளிக்கொண்டு போய்விடும், முணுமுணுத்தால் எதிரில் நிற்பவருக்கே கேட்காது. உரக்கச் சொல்.

கல்யாணத்தை முன்னாலேயே பதிவு செய்துவிட்டுப் போகிறோம் என்று எழுதியிருந்தாய், அது சரியான முடிவு. கென்யாவின் 2014 திருமணச் சட்டப்படி அங்கே பதிவுத் திருமணம் செய்ய வேண்டுமென்றால் குறைந்தது 21 நாள் முன்பே பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், இரண்டு சாட்சிகளும் வேண்டும். சஃபாரிக்குப் போன இடத்தில் அந்த அலைச்சல் வேண்டாம். ஆனால் சட்டம் கேட்கவில்லை என்பதற்காகச் சாட்சியை விட்டுவிடாதே. வழிகாட்டி இருப்பார், முகாமில் யாராவது ஒருவர் கூட வருவார். அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லாமல் பக்கத்தில் நிற்கச் சொல். நீங்கள் சொல்வது புரியாவிட்டாலும் பரவாயில்லை.

இடத்தைப் பற்றி ஒன்று. தேசியக் காப்பகத்துக்குள் நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்க முடியாது. அதை ஒட்டி, அந்த மண்ணிலேயே மாடு மேய்த்து வாழும் மாசாய் குடும்பங்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் வனப்பகுதிகள் இருக்கின்றன, அங்கே வழிகாட்டியோடு இறங்கி நடக்கலாம். உறுதிமொழிக்கு அந்த மாதிரி இடத்தைக் கேள். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் ஆறரை மணி வாக்கில் சூரியன் இறங்கும், இறங்கின கொஞ்ச நேரத்தில் கும்மிருட்டு. கடைசி வெளிச்சத்தில் போட்டோ எடுக்கலாம் என்று இழுக்காமல் ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

மாசாய் பெரியவர் வந்து ஆசி தருவதும் நடனமும் முகாம் திட்டத்திலேயே சேர்த்தி என்று எழுதியிருந்தாய். அவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று முகாமில் கேட்டுவிடு, நேரிலும் மரியாதை செய். நம் போட்டோவுக்குப் பின்னணியாக நிற்க அவர்கள் பிறக்கவில்லை. அவர்களுடைய வழக்கத்தில் பெரியவர்கள் லேசாக உமிழ்ந்து ஆசீர்வதிப்பது உண்டு. அப்படி நடந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, தலை குனிந்து வாங்கிக்கொள். மாசாய் மணப்பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கல்லாகிவிடுவாள் என்றும் ஒரு நம்பிக்கை அவர்களிடம் இருக்கிறது. எங்கள் வழிகாட்டி அன்றைக்கே சொன்னார். முந்தாநாள் ராத்திரி அதை நினைத்துத்தான் இரண்டாவது தடவை அழுதேன்.

நாங்கள் வரவில்லை. கூப்பிடவில்லை என்ற கோபம் இல்லை, என் இடுப்பு அந்தப் பாதைக்கு இனித் தாங்காது. செப்டம்பரில் மாடு மாதிரி இருக்கும் வில்டபீஸ்ட் மான் கூட்டம் மாரா ஆற்றங்கரையில் இருக்கும், ஆற்றைக் கடக்கிற காட்சி கிடைத்தால் எனக்காகவும் பார். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும், மலேரியா மாத்திரைக்கும் டாக்டரைப் பார். நைரோபியிலிருந்து போகும் சின்ன விமானத்தில் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும். கல்யாண உடையை அதற்குத் தகுந்த மாதிரி எடு. கருநீலமும் கறுப்பும் வேண்டாம், செட்சி என்கிற கடிக்கும் ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். விடியற்காலையில் திறந்த வண்டியில் நன்றாகக் குளிரும், என் பச்சைச் சால்வையை அனுப்பி வைக்கிறேன்.

எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதி அனுப்பு. அந்த நேரத்துக்கு நானும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

அன்புடன்,
அம்மா