காகிதம் முழங்குமா, ஆசிரியர் ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்துக்குப் படத்தோடு ஒரு செய்தி வந்தது. திருவாரூர்–காரைக்குடி தடத்தில் கூடுதல் ரயில் விட வேண்டும் என்று எம்.பி. ஒருவர் "மக்களவையில் முழங்கினார்" என்று எழுதியிருந்தீர்கள். எந்த எம்.பி. என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் படிப்பவர்கள் விஷயத்தை விட்டுவிட்டுக் கட்சியைப் பிடித்துக்கொள்வார்கள்.

எனக்கு நெருடியது அந்த ஒரு சொல்தான், முழங்கினார். அன்றைக்கு மத்தியானம் நான் சன்சத் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன் (வேறு வேலையே இல்லையா என்று வீட்டிலும் கேட்கிறார்கள்). அவையில் ஒரே கூச்சல். தலைவர் நாற்காலியில் இருந்தவர், விதி 377-ன் கீழ் (எம்.பி.க்கள் பொதுப் பிரச்சினைகளை அவையில் எழுப்ப வழிசெய்யும் விதி) வந்த கோரிக்கைகள் எல்லாம் அவையில் வைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஒத்திவைத்துப் போய்விட்டார். நீங்கள் போட்ட முழக்கம் அந்தக் கோரிக்கைக் கட்டுக்குள் இருந்த ஒரு தாள். அவர் எழுந்து நிற்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. மேசைமேல் வைத்த காகிதம் எப்படி ஐயா முழங்கும்? படத்தில் கையை ஓங்கிப் பேசுகிறாரே என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன், அது தேர்தல் பிரசாரப் படம், பின்னால் மைக்செட்காரர் நிற்கிறார்.

அந்த எம்.பி.யைக் குறை சொல்லவில்லை. எழுதிக் கொடுப்பது முறையான வழிதான், அவைக் குறிப்பில் ஏறும், சம்பந்தப்பட்ட அமைச்சர் அவருக்குப் பதில் எழுத வேண்டும். கேள்வி நேரம் முடிந்ததும் அவசர விஷயங்களை எழுப்புகிறார்களே, அந்தப் பூஜ்ய நேரம் என்று ஒன்று விதிப்புத்தகத்திலேயே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, அதில் தொண்டை கிழியக் கத்துவதைவிட இந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம் என்றுகூடச் சொல்வேன். "எழுதிக் கொடுத்தார்" என்று போட்டிருந்தால் அவருக்கோ உங்களுக்கோ என்ன குறைந்துபோயிருக்கும்?

நான் தபால் துறையில் 34 வருஷம் வேலை பார்த்தவன். கடிதம் பெட்டியில் விழுவது ஒன்று, போய்ச் சேருவது இன்னொன்று. ஒப்புகை அட்டை வைத்த பதிவுத் தபால் என்றால் அந்த அட்டை திரும்பி வரும், அதில் வாங்கியவர் கையெழுத்து இருக்கும். இப்போது பதிவுத் தபாலையே ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், அது வேறு வருத்தம். உங்கள் பத்திரிகையோ பெட்டியில் போட்டதை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறது. அட்டை திரும்பி வந்ததா என்று ஒரு நாளும் எழுதியதில்லை.

எங்கள் தடத்தின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஆத்திரம் தீர எழுதுகிறேன். மீட்டர்கேஜ் காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் ஏறினால் சென்னை. அகலப்பாதை போடுகிறோம் என்று 2012-ல் ரயிலை நிறுத்தினார்கள். முழுத்தடமும் திறந்தது 2019-ல். திறந்தபிறகு நடந்ததை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் இன்னும் நம்பமாட்டேன் என்கிறார்கள். ரயில்வே கேட்டுகளில் ஆள் இல்லை. அதனால் கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும், முன்பக்கம் இருப்பவர் இறங்கி கேட்டை மூடுவார், ரயில் தாண்டிப்போய் மறுபடி நிற்கும், பின்பக்கம் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடியும் இதே. சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. என் பேரன் அதில் ஒரு தடவை வந்துவிட்டு, "தாத்தா, இறங்கி நடந்திருக்கலாம்" என்றான்.

அப்போது கேட்டுக்கு ஆள் போடச் சொல்லி ஊரில் அறுபது பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு எம்.பி. அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த தம்பி மனுவைப் படிக்கும் முன்னாலேயே "எந்த ஊருங்க?" என்றார். சொன்னேன். "அது எங்க தொகுதி இல்லைங்களே ஐயா." ரயில் உங்கள் தொகுதி வழியாகவும்தானே தம்பி போகிறது என்றேன். சிரித்தார். சரி என்று அடுத்தவரிடம் போனால், சார் டெல்லியில் இருக்கிறார், வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். வைத்துவிட்டு வந்தேன். அந்த மனுவும் அங்கே முழங்கிக்கொண்டிருக்கும்.

தப்பு அந்தத் தம்பி மேல் இல்லை. திருவாரூரில் கிளம்பும் வண்டி காரைக்குடி வந்து சேர்வதற்குள் நாகப்பட்டினம், தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை என்று நான்கு மக்களவைத் தொகுதிகளைக் கடக்கிறது. நான்கு பேருக்கும் பொது என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்று அர்த்தம். அதோடு எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்த நோய் வேறு வகையில் வந்தது. மாவட்டத்தின் பெயரில் இருந்த மக்களவைத் தொகுதியை 2008 மறுசீரமைப்பில் எடுத்துவிட்டார்கள். புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, எங்கள் அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில்கூட ஒரு முழ வாசலாவது வீட்டின் பெயரில் மிஞ்சும்.

2009 தேர்தலில் அந்தக் கோபத்தில் 49-ஓ, அதாவது யாருக்கும் ஓட்டில்லை என்று, போட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது நோட்டா பொத்தான் கிடையாது, எல்லார் முன்னாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பூத் ஏஜெண்டுகள் நாலு பேரும் என்னை ஏதோ திருடனைப்போலப் பார்த்தார்கள். அதனால் ஒன்றும் ஆகவில்லை, தெரியும். இப்போது மறுபடியும் தொகுதி மறுவரையறை வருகிறது, தமிழ்நாட்டின் 39 எம்.பி. இடங்கள் குறையுமா என்று ஊரே பேசுகிறது, பேச வேண்டியதுதான். அந்த 39-க்குள் எங்களுக்கு ஒன்று இல்லாமல் போனதைப் பற்றி உங்கள் தலையங்கத்தில் ஒரு வரி பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

ரயிலுக்கே வருகிறேன். நியாயத்தைச் சொல்ல வேண்டும், 2025 ஏப்ரல் 6 முதல் ராமேசுவரம்–தாம்பரம் வண்டி எங்கள் வழியாகத் தினமும் போகிறது. நானும் போய்வந்தேன், சந்தோஷம். ஆனால் அந்த ஒரே ரயிலை எத்தனை பேர் கொண்டுவந்தார்கள் என்று சுவரொட்டிகளை எண்ணிப் பார்த்தேன், ரயிலின் பெட்டிகள் தோற்றுவிடும். கேட்டை மூடவும் திறக்கவும் ஆள் இறங்கி ஓடிய நாட்களில் ஒரு சுவரொட்டிகூட இல்லை.

சரி, கேட்டால் டெல்லி என்ன பதில் சொல்கிறது? அதைத்தான் நீங்கள் போடுவதே இல்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட (அமைச்சர் வாயால் பதில் சொல்லும்) கேள்விகள் 20, குறியிடாதவை (எழுத்தில் பதில் வருபவை) 230. அத்தனைக்கும் பதில் இணையத்தில் கிடக்கிறது, பேரனை வைத்துத் தேடிப் படிக்கிறேன். எம்.பி. பாவம் அ, ஆ, இ, ஈ என்று பிரித்துப் பிரித்துக் கேட்டிருப்பார். பதில் "(அ) முதல் (ஈ) வரை" என்று ஒரே மூட்டையாகத் தொடங்கும். புதிய ரயில்கள் விடுவது ஒரு தொடர் நடைமுறை, இயக்கச் சாத்தியம், வள ஆதாரம் முதலியவற்றைப் பொறுத்தது. புதிய பாதை என்றால், திட்டங்கள் ரயில்வே மண்டலவாரியாகவே எடுக்கப்படுகின்றன, மாநிலவாரியாக அல்ல. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எந்தத் தொகுதிக்கும் இதை அனுப்பலாம், நாங்கள் தபாலில் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவோமே அதைப்போல. பட்டுக்கோட்டை–தஞ்சாவூர் பாதையைக் கேட்டுக் கேட்டுத் தலைமுறை போய்விட்டது. மீனவர் விஷயமும் இப்படித்தான். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினத்துப் பிள்ளைகள் பிடிபட்டால் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் யாராவது எழுப்புகிறார்கள், இலங்கை அரசிடம் உயர்மட்டத்தில் வலியுறுத்தப்பட்டது என்று பதில் வருகிறது. என் சம்பந்தி வீட்டு விசைப்படகு இலங்கையின் மயிலிட்டித் துறைமுகத்தில் கிடந்து இற்றுப்போகிறது. உயர்மட்டம் எவ்வளவு உயரம் என்று அவர் என்னைக் கேட்கிறார்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. எம்.பி. பேசினார் என்று அடுத்த முறை போடும்போது, கேள்வி நேரமா, பூஜ்ய நேரமா, 377-ஆ, எழுந்து பேசினாரா, எழுதிக் கொடுத்தாரா என்பதை அடைப்புக்குள்ளாவது போடுங்கள். இரண்டு மாதம் கழித்து, அமைச்சரிடமிருந்து பதில் வந்ததா என்று அதே எம்.பி.யிடம் கேட்டு, வந்திருந்தால் அந்தப் பதிலை அப்படியே போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்தேன், ஆறு வரி பிடிக்கும்.

இந்தக் கடிதத்தை நீங்கள் வெட்டுவீர்கள், போன தடவையும் வெட்டினீர்கள். 49-ஓ பத்தியை எடுத்துவிட்டாலும் பரவாயில்லை, ரயில்வே பதில் வரும் பத்தியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
அறந்தாங்கி வட்டம்.